வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்

தங்கவேலுக்கு அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போனவர்கள் மேல் எரிச்சல். ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கி ஏற்றி இடுப்பை ஒடித்த ஆட்டோக்காரன் மேல் எரிச்சல். அரை நாள் பெர்மிஷன் கேட்டதற்கு மேலும் கீழும் பார்த்த சூப்பர்வைசர் ஹேமநாதன் மேல் எரிச்சல். பக்கத்தில் ஈரத்தலையோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, எதையோ சாதித்த மாதிரி நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த மனைவி கன்னியம்மா மேல்தான் எல்லாரையும்விட அதிக எரிச்சல். அவளுக்குக் கவலை இல்லாமல் இருக்கவேண்டும் என்று படாத பாடு படுகிறவன் அவன்தான். ஆனாலும் இவ்வளவு கவலை இல்லாமல் ஒரு பொம்பளை இருப்பாளா என்று ஆத்திரம் வந்தது.

"இன்னாமே சிரிப்பு?" என்றான்.

"சிரிக்கக்கூடக் கூடாதா? இன்னாய்யா மனுசன் நீ. அந்த போஸ்டரைப் பாத்தேன், சிரிச்சேன்."

"பசிக்குதா?"

"பழகிப்போச்சு. நேத்து ராத்திரியே சாப்புடல."

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அவளுடைய இடது மார்பில் இருந்த கட்டியை வீட்டுப் பக்கத்து நர்சிங் ஹோமில் எடுத்தார்கள். கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வாங்கத் தங்கவேல் மட்டும் போனான். அங்கே வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிற பெரிய டாக்டர் சபீனா அவனை உட்காரவைத்து, அது மார்பகப் புற்றுநோய் என்று சொன்னார். அக்குளில் எடுத்துப் பார்த்த ஒரு நெறிக்கட்டியிலும் அது இருந்ததாம்.

"அக்குள் வரைக்கும் வந்திருக்கு. அதைத் தாண்டி உடம்புல வேற எங்கயாவது பரவியிருக்கான்னு தெரியணும். பரவலைன்னா ஒரு வைத்தியம், பரவியிருந்தா வேற வைத்தியம். அது தெரியாம நான் எதையும் ஆரம்பிக்க முடியாது. பெட் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு. சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்துவாங்க. கேன்சர் செல்லுக்குப் பசி ஜாஸ்தி. அது எங்கெங்க ஒளிஞ்சிட்டிருக்கோ அங்கெல்லாம் அந்த மருந்தை இழுத்துக்கும். படத்துல அந்த இடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும்."

தங்கவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் கையைக் கூப்பி ஒன்றே ஒன்று கேட்டான். "அவளுக்குத் தெரிய வேணாம் மேடம்."

"அவங்க உடம்புங்க அது."

"தெரிஞ்சா அன்னிக்கே பாதி உசுரு பூடும் மேடம். கொஞ்ச நாளைக்கு."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்கேன் வரும்வரைதான், அதற்குமேல் முடியாது என்றார். அவன் கேட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பாரிவாக்கத்தில் அவர்கள் வீட்டு வழக்கமே அது. அவன் அண்ணன் வயிற்றில் புற்று வந்து செத்தபோது ஊருக்கே தெரியும், அண்ணனுக்கு மட்டும் தெரியாது. அதை யாரும் தப்பாகப் பேசவில்லை. கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை காதில் விழாமல் பாசமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்றுதான் பேசினார்கள்.

ஆனால் அண்ணனுக்கு மறைக்க ஒரு குடும்பமே சேர்ந்திருந்தது. இவளுக்கு மறைக்கத் தங்கவேல் ஒருத்தன்தான். கொரட்டூரில் கட்டிக்கொடுத்த மகள் கிருஷ்ணப்பிரியாவிடமும் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் நிற்காது, அடுத்த நிமிடமே அம்மாவுக்குப் போன் போட்டு அழுவாள். அதனால் ஆஸ்பத்திரி போன் வந்தால் மாடிக்கு ஓடினான். ஃபைலைக் கம்பெனிப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தான். அவள் ஏதாவது கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொன்னான். எந்தப் பொய்யை எப்போது சொன்னோம் என்று அவனுக்கே நினைவில்லாமல் போனது. சோறு இறங்கவில்லை. இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடவேண்டி வந்தது. பொய் சொல்வது இவ்வளவு உடம்பு நோகிற வேலை என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அவன் இதில் இறங்கியே இருக்கமாட்டான்.

ஸ்கேன் சென்டரிலிருந்து முந்தாநாள் போன் வந்தது. ராத்திரியிலிருந்து வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். முந்தின நாளும் அன்றைக்கும் வெயிட் தூக்கக்கூடாது, நீண்ட தூரம் நடக்கக்கூடாது, உடம்பை வருத்தக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். கீழே இறங்கி வந்து, "வெள்ளிக்கெழம காலைல ஒண்ணும் சாப்புடாத, தண்ணி மட்டும் குடி. ஆபரேஷன் பண்ண எடம் உள்ள ஆறிச்சான்னு போட்டோ எடுத்துப் பாக்கணுமாம்" என்றான். மீதியைச் சொன்னால் ஏன், எதற்கு என்று பத்துக் கேள்வி கேட்பாள். பத்துக்கும் பொய் சொல்ல அவனிடம் தெம்பு இல்லை. "ஊட்ல சும்மா படுத்துக் கெட" என்று மட்டும் சேர்த்துக்கொண்டான். அதை அவன் ஒன்றரை மாதமாகத் தினமும்தான் சொல்கிறான். அவள் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

வெள்ளிக்கிழமை விடியும் முன்னே அவன் மண்ணூர்பேட்டைக் கம்பெனிக்கு முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனான். கோயில் ஸ்பீக்கர் அப்போதே அலறத் தொடங்கியிருந்தது. ஆடி மாதம் முழுக்க அது அலறிக்கொண்டுதான் இருக்கும். அரை ஷிஃப்டில் திரும்பி வந்தபோது கன்னியம்மா குளித்து, புதுப் புடவை கட்டி, வாசலில் தயாராக நின்றாள்.

அம்பத்தூரில் அந்த ஸ்கேன் சென்டர் ஏசிக் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தது. கவுண்டரில் ஒரு பெண், அதைத் தாண்டி இன்னொரு பெண், இருவரும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அப்புறம் நீலச் சட்டை போட்ட நிஷா என்கிற டெக்னீஷியன் வந்து மறுபடி முதலிலிருந்து கேட்டாள். பெயரைக் கேட்டாள், சர்க்கரை வியாதி உண்டா என்று கேட்டாள். கன்னியம்மா வாயைத் திறப்பதற்குள் தங்கவேல் பதில் சொன்னான். இவர்கள் யாராவது அந்த வார்த்தையை உளறிவிடப் போகிறார்களே என்று அவனுக்குப் பதைப்பு.

"நேத்து, இன்னைக்கு ஏதாவது ஹெவியா வேலை செஞ்சீங்களாம்மா? வெயிட் ஏதாவது தூக்கினீங்களா?"

கன்னியம்மா, "அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லீங்க. ஒரு வேலையும் செய்ய வுடறதில்ல. படுத்துனுதான் கீறாங்க" என்றான் தங்கவேல்.

நிஷா டிக் அடித்துவிட்டுப் போனாள். கன்னியம்மாவுக்கு ஊசி போட்டு ஒரு சின்ன அறையில் தனியாகப் படுக்கவைத்தார்கள். ஒரு மணி நேரம் அசையக்கூடாது, பேசக்கூடாது, யாரும் பக்கத்தில் போகக்கூடாது. தங்கவேல் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்தான். இந்நேரம் அந்தச் சர்க்கரை அவள் உடம்பெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். எங்கெங்கே போய் நிற்கிறதோ. எங்கேயும் நிற்காமல் ஓடிவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை யாரிடமாவது சொல்லலாம் என்றால், இத்தனை வருஷமாக எதைப் பயந்தாலும் அவன் போய்ச் சொன்ன ஒரே ஆள் உள்ளே படுத்திருந்தாள்.

ஸ்கேன் முடிந்து அவளுக்கு டீயும் பிஸ்கெட்டும் கொடுத்தார்கள். கிளம்பலாம் என்று எழுந்தபோது நிஷா வேகமாக வந்தாள். முகம் சரியில்லை.

"அம்மா, இன்னைக்குக் காலையில எக்சர்சைஸ் மாதிரி ஏதாவது பண்ணீங்களா?"

"இல்லன்னுதான் சொன்னேனே" என்றான் தங்கவேல்.

"சார், நான் அம்மாவைக் கேக்கிறேன்."

கன்னியம்மா புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பால்குடம் எடுத்தேம்மா" என்றாள்.

"பால்குடமா?"

"ஆடி வெள்ளி இல்ல? ஏரிக்கரை புள்ளையார் கோயில்லேந்து தூக்கிகினு ஊரு சுத்தி அம்மன் கோயிலுக்கு. அதுக்கும் வெறும் வயித்தோடதான் எடுக்கணும். நீங்களும் வெறும் வயித்தோட வரச் சொன்னீங்க. சரி, ஒரே பட்டினில ரெண்டும் முடிஞ்சிடும்னு பாத்தேன்."

"ரொம்ப நேரம் நடந்தீங்களா?"

"அது ஆவும்மா, தெருத்தெருவா நிப்பாங்க இல்ல. கோயில் வாசல்ல ஆத்தா வேற எம்மேல வந்துட்டா. பம்பை அடிக்க அடிக்க அப்டி ஆடனேனாம், நாலு பேரு புடிச்சும் நிக்கலயாம்." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நிஷா தலையில் கை வைக்காத குறைதான். "சார், நல்லா வேலை செஞ்ச சதை சர்க்கரையை இழுத்துக்கும். கழுத்து, தோள், முதுகு, தொடை, கெண்டைக்கால், எல்லாமே பளிச்சுன்னு இருக்கு. இதுக்கு நடுவுல நாம பாக்க வேண்டியது எங்க இருக்குன்னு சொல்லவே முடியாது. படம் பாக்கற ரேடியாலஜிஸ்ட் திருப்பி எடுக்கணும்னு சொல்லிட்டாரு. அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் இடம் இருக்கு. டாக்டர் சபீனாகிட்ட நானே சொல்லிடறேன்."

சென்டர் வாசல் படியில் வைத்துத் தங்கவேலுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. செக்யூரிட்டி பார்க்கிறான், ஆட்டோக்காரர்கள் பார்க்கிறார்கள், எதையும் அவன் கவனிக்கவில்லை.

"அறிவு கீதாமே உனக்கு? யாரைக் கேட்டுகினு தூக்கின?"

"சாமிக்கு எடுக்கறத்துக்கு யாரைய்யா கேக்கணும்?"

"ஆபரேஷன் பண்ண ஒடம்பு. படுத்துக் கெடன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? ஒரு வாரம் போச்சு! ஒரு வாரம் போனா இன்னா ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. இன்னா ஆவும்? சொல்லு."

அவனால் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. "இப்ப இன்னாத்துக்கு வேண்டுதல்? யாருக்கு இன்னா வந்துடுச்சுன்னு குடம் தூக்கின?"

"உனக்குத்தான்யா!"



"எனக்கா?"

"பின்ன யாருக்கு? மாடில நின்னுகினு போன்ல பேசினியே, கேன்சரு, ரிப்போர்ட்டுன்னு. துணி எடுக்க வந்தேன், காதுல உய்ந்துச்சு. யாருக்குய்யான்னு கேட்டேன். எனக்குத்தான், கம்பெனில செக்கப் பண்றாங்க, ஒண்ணுமில்லன்னு சொன்ன. சொன்னியா இல்லியா? அன்னிலேந்து பாக்கறேன், சோறு துன்ன மாட்டேன்ற. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டு அய்வுற. எனக்குக் காது இல்லையா? நீ மறைக்கிறியே, கேட்டா உடைஞ்சி பூடுவியேன்னு நானும் வாயத் தொறக்கல. ஆத்தாகிட்டதான் போயி நின்னேன். இந்தாளுக்கு எதுவும் ஆவக்கூடாது, உனக்குப் பால்குடம் எடுக்கறேன்னு."

அந்தப் பொய்யைச் சொன்னதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. படியிலேயே உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்காலில் கை வைத்தாள். இத்தனை நாள் அவனுக்குத் தெரியாமல் அவனுக்காக அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது அவனுக்கு. இனி ஒரு பொய்யும் வாயில் வராது என்று தெரிந்தது.

"கன்னிமா. எனக்கில்ல."

"பின்ன?"

அவன் கண் அவள் நெஞ்சுப் பக்கம் போய்த் திரும்பியது. அவள் அவனையே பார்த்தாள். பிறகு அவளுடைய கை மெதுவாக அவன் முழங்காலை விட்டு எழுந்து, புடவைத் தலைப்புக்குள் போய், இடது மார்பில் தையல் இருந்த இடத்தில் நின்றது.

"எனக்கா?"

தலையை ஆட்டினான்.

"கொழுப்புக் கட்டின்னியே."

"அப்டித்தான் முதல்ல சொன்னாங்க."

"அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியும். உள்ள கீற இந்தப் பொண்ணுக்குத் தெரியும். கவுண்டர்ல கீறவளுக்குத் தெரியும். தோ நிக்கிறானே செக்யூரிட்டி, அவனுக்குத் தெரியுமா?"

"கத்தாதமே."

"கத்தாம? எந்த ஒடம்புல வந்திச்சோ அந்த ஒடம்புக்காரிக்குத் தெரியல. குடம் தூக்காதன்னு ஒரு வார்த்த, ஏன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கியிருப்பனா? உங்கண்ணனுக்குப் பண்ண மாதிரியே எனக்கும் பண்ணலாம்னு பாத்தியா?"

அவள் அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நேரம் அழுதாள். தங்கவேலும் அழுதான். 

அந்த வாரம் முழுக்கத் தங்கவேலுக்கு வீட்டில் மரியாதை கிடையாது. டாக்டர் சபீனாவின் நம்பரை வாங்கிக் கன்னியம்மாவே பேசினாள். ஸ்கேன் சென்டருக்கும் அவளே பேசி, என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். புதன்கிழமை காலை கட்டிலில் ஏறிப் படுத்தவள் இறங்கவில்லை. குடத்தில் தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, பாத்திரம் விளக்குவது எல்லாம் தங்கவேல். வடித்த கஞ்சியில் பாதி அவன் காலில் கொட்டியது. "நான் எழுந்து வரலாமா? வரக்கூடாது, சதை சர்க்கரையத் துன்னுடும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் முகம் கொடுக்காமல் இருந்தவள் குத்தலாகவாவது பேசுகிறாளே என்று ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை ஸ்கேன் சரியாக வந்தது. மறுநாள் டாக்டர் சபீனா முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல டாக்டர் தங்கவேலைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் முன்னாடி வந்து..." என்று ஆரம்பித்தார்.

"எங்கிட்ட சொல்லுங்க மேடம்" என்றாள் கன்னியம்மா. "அவர் பக்கத்துல கேட்டுகினு இருக்கட்டும்."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு பெண் உருவம். இந்தத் தடவை தோளும் கழுத்தும் அமைதியாக இருந்தன. முதுகெலும்பில் இடுப்புக்கு மேலே ஒரு பொட்டு வெளிச்சம், வலது இடுப்பெலும்பில் இன்னொரு பொட்டு.

"எலும்புல ரெண்டு இடத்துல இருக்கும்மா. கல்லீரல்ல இல்ல, நுரையீரல்ல இல்ல."

"அப்போ பரவிக்கீது."

"ஆமா."

தங்கவேல் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். இவ்வளவு நாள் தெரிந்துகொள்ளத் துடித்ததைத் தெரிந்துகொண்டாயிற்று. தெரியாமலேயே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

"போயிடுமா மேடம்?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரை இருக்கு, மாசாமாசம் ஊசி இருக்கு. கட்டுக்குள்ள வெச்சு நல்லா நடமாடுற ஆளுங்க எங்கிட்ட நிறையப் பேர் இருக்காங்க. எங்க இருக்குன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம்."

"திங்கக்கெழம வரேன்" என்றாள்.  வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.  தங்கவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"புள்ளைக்குப் போன் போடு" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"நானா? நீ பேசேன்."

"நீதான் சொல்லணும். ஒரு வாட்டியாவது உன் வாயால சொல்லு, நான் கேக்கறேன். ஸ்பீக்கர்ல போடு."

அவன் போட்டான். கிருஷ்ணப்பிரியா ஆபீஸில் இருந்தாள். என்னப்பா இந்த நேரத்துல என்றாள். ஒண்ணுமில்லம்மா என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினான். கன்னியம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குக் கேன்சர்மா" என்றான். இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவள் முன்னால் அவன் சொன்னது அப்போதுதான். "மார்ல வந்த கட்டி அதான். எலும்புல பரவிக்கீது. ஸ்கேன்ல பாத்துட்டாங்க. திங்கக்கெழம மருந்து ஆரம்பிக்கறாங்க."

 அந்தப் பக்கம் மகளின் மூச்சு கேட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பேசினாள்.

"அப்பா, அம்மாவுக்குத் தெரிய வேணாம்ப்பா. தாங்க மாட்டாங்க. நாம பாத்துக்கலாம். நீ எதையும் காட்டிக்காத, சரியா? வேற ஏதாவது சொல்லிச் சமாளி."

 கன்னியம்மா தங்கவேல் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அம்மாதான்டி பேசறேன்" என்றாள்.